அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

அந்த மலைப் பாதையில் மொத்தம் முப்பத்தோரு திருப்பங்கள். முப்பதை வண்டி ஓட்டுகிறவன் பார்த்துக்கொள்வான். கடைசித் திருப்பத்தைக் கடவுளே வந்து ஓட்டினாலும் கைகாட்டியைக் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்வார்கள். கடவுள் இதுவரை அந்தப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்ட வெளியூர்க்காரர்களும், அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பதினான்கு ஜீப்காரர்களும்தான்.

அந்தக் கடைசித் திருப்பத்துக்கு வானத்திருப்பம் என்று பெயர். பெயர் வைத்தவன் கவிஞன் இல்லை, ஓட்டுநர்தான். தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது, வெறும் பாறையும் சரளைக்கல்லும். அதில் ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். பாதை பானெட்டுக்கு அடியில் மறைந்துவிடும். ஏற்றம் முடிகிற அதே இடத்தில் பாதை சட்டென்று இடது பக்கம் மடங்குகிறது. நேரே போனால் பள்ளம். அதன் ஆழத்தை யாரும் அளந்ததில்லை. விழுந்த வண்டியைத் தேடிப் போனவர்கள் அரைநாள் இறங்கியிருக்கிறார்கள். சீக்கிரம் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கத்துப் பாறையில் ஏறி வண்டி குடைசாயும். தாமதமாகத் திருப்பினால் முன்சக்கரத்துக்குக் கீழே தரை இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம். அந்த ஒரு முழத்தை ஓட்டுகிறவனால் பார்க்க முடியாது.

அதைப் பார்த்துச் சொல்வதுதான் கைகாட்டியின் வேலை. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் உயரமான ஒரு பாறைமேல் அவர் நிற்பார். கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு வானத்தில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி தெரியும். வலது கை உயர்ந்திருந்தால் வா என்று அர்த்தம். தரைப் பாறையில் குறுக்காக ஒரு விரிசல் ஓடுகிறது. முன்சக்கரம் அந்த விரிசலைத் தொட்டதும் கை இறங்கும். கை இறங்கியதும் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. கேட்டால் சின்னக் குழந்தை கூடச் செய்யும் என்று தோன்றும். அவருக்குப் பதிலாகப் பாறைமேல் நின்று பார்த்தவர்கள் இரண்டாம் நாளே இறங்கிவந்துவிட்டார்கள்.

அவரும் ஒரு காலத்தில் ஜீப் ஓட்டியவர்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மழைக்காலத்தில் இரண்டு ஜீப்புகள் அங்கே நேராகப் போய்விட்டன. யாராவது ஒருத்தர் மேலே நின்று சொன்னால்தான் வண்டி எடுப்போம் என்று மற்றவர்கள் சாவியை எடுத்துவைத்துவிட்டார்கள். அப்போது இவர் வண்டி இஞ்சின் பிரித்துப் போடப்பட்டுப் பட்டறையில் கிடந்தது. சும்மா இருக்கிற ஆள்தானே என்று இவரை அனுப்பினார்கள். பத்து நாள் நில்லுங்கண்ணே என்றுதான் சொன்னார்கள். அந்தப் பத்து நாள் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டி கூடப் பள்ளத்தில் போனதில்லை. அதனால் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் முதல் வண்டியைக் கிளப்புகிறவன் சாவியைப் போடுவதற்கு முன்னால், “கை ஏறியாச்சா?” என்று சத்தமாகக் கேட்பான். மற்றவர்கள், “ஏறியாச்சு” என்பார்கள். அவர் மேலே நடந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை பதினான்கு பேரும் டீ குடித்துக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குக் கதை அளந்துகொண்டு காத்திருப்பார்கள்.

மனுஷருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய். ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் புது வண்டியில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று மார்தட்டிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். பாதி ஏற்றத்தில் இஞ்சின் அணைந்துவிட்டது. பதறிப்போய் கிளட்ச்சை மிதித்தார். கிளட்ச்சை மிதித்தால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வண்டி மண்ணாங்கட்டி மாதிரி பின்னால் உருள ஆரம்பித்தது. கைகாட்டி பாறையிலிருந்து குதித்து ஓடி, “கிளட்ச்ச விடுங்க! பிரேக்க மிதிங்க! ரிவர்ஸ் போட்டு நேரா இறங்குங்க, ஸ்டீயரிங்க ஒடிச்சீங்கன்னா உருண்டுடும்!” என்று கத்தி, கையாலேயே வண்டியை இழுத்துக் கட்டிய மாதிரி நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கிய அந்த மனுஷர் இவர் காலில் விழப்போனார். அதை இவர் வீட்டில் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஏற்றம் கொஞ்சம் செங்குத்தாகிக்கொண்டே போனது.

வீடு என்று சொன்னால் ஒரு விடுதியின் சலவைக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை. மனைவிக்கு அந்தச் சலவைக்கூடத்தில்தான் வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை உதறி மடிப்பாள். வீட்டிலும் எதைக் கையில் எடுத்தாலும் நாலாக மடித்துத்தான் வைப்பாள். பக்கத்து அறையில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு.

மாப்பிள்ளையும் ஜீப்காரன்தான். ஸ்டாண்டில் அவனுக்கு ஆமை என்று பெயர். மற்றவர்கள் நாலு நடை போகும் நேரத்தில் அவன் மூன்று நடைதான் போவான். பாதை தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவான். கல்லில் பிடிமானம் கிடைக்குமாம். ஐந்தாவது திருப்பத்திலேயே சின்ன கியருக்கு மாற்றிவிடுவான். “ஆமை உச்சிக்குப் போறதுக்குள்ள மலை தேஞ்சு மைதானமாயிடும்” என்று கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டு, “பதறாத காரியம் சிதறாது” என்பான். எதற்கெடுத்தாலும் அவனுக்கு அந்த ஒரு பழமொழிதான். மகள் கூட, “உங்களுக்கு வேற எதுவும் சொல்லித் தரலையா?” என்று கேட்டிருக்கிறாள்.

அந்த நிதானத்துக்காகத்தான் கைகாட்டி அவனுக்குப் பெண் கொடுத்தார். மேலே நின்று பதினான்கு பேரையும் தினமும் பார்க்கிறவர் அல்லவா! மற்றவர்கள் கையைப் பாதி பார்ப்பார்கள், பாதி தங்கள் மனசுக்குத் தோன்றியபடி திருப்புவார்கள். ஆமை மட்டும்தான் கையை முழுசாகப் பார்ப்பான். கை இறங்காமல் அவன் ஸ்டீயரிங் ஒரு நூல் அசையாது. அதைப் பார்த்துத்தான் அவர் மனைவியிடம், “நம்ம பொண்ணு இவன் வண்டியில ஏறினா எனக்குத் தூக்கம் வரும்” என்றார்.

கண் பிரச்சினை எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. தண்ணீரில்தான் தெரியவந்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்கு இந்தப் பக்கமாகத் தரையில் விழுந்தது. “யோசனையில இருந்தேன்” என்றார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் ‘டங்’ என்று தொட்டுவைத்துவிட்டு ஊற்றினார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது, அவர் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

“என்னங்க, நான் எத்தனை விரல் காட்டறேன்?”

“கையைக் காட்டு, சொல்றேன்.”

“காட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

அவள் உள்ளங்கையை அவர் கண்ணிலிருந்து எடுத்தாள்.

பெரிய ஊர் கண் ஆஸ்பத்திரியில், முகவாயை ஒரு இரும்புத் தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலது கண்ணின் நரம்பு பட்டுப்போய்விட்டது என்றாள். இடது கண்ணிலும் ஓரம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. போன பார்வை போனதுதான். இருக்கிறதைத் தக்கவைக்கத்தான் சொட்டு மருந்து. வலி இருக்காது என்பதால் யாருமே நேரத்தோடு வருவதில்லை என்றும் சொன்னாள்.

“ஒத்தைக் கண்ணு போதும்மா. எனக்கு எழுத்து வேலை இல்லை” என்றார் கைகாட்டி.

“எழுத்து வேலைன்னா கூடப் பரவாயில்லைங்க. ஒரு கண்ணால பார்த்தா ஒரு பொருள் கிட்ட இருக்கா எட்ட இருக்கான்னு சரியாத் தெரியாது. படி இறங்கறப்ப, ரோடு தாண்டறப்ப பார்த்துப் போங்க. என்ன வேலை பார்க்கறீங்க?”

மனைவிதான், “சும்மா வீட்டோட இருக்காருங்க” என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்று முணுமுணுத்தாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவர் மோசமான மனுஷர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மறுநாளே ஜீப்காரர் சங்கத் தலைவரைத் தேடிப் போய், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். வேறு ஆளை நிறுத்துங்கள் என்றும் சொன்னார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“வீட்டுக்காரிக்கு.”

“அதோட நிக்கட்டும். அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கை போச்சுன்னு தெரிஞ்சா நம்மாளுங்களுக்குக் கால் நடுங்கும். நடுங்கற கால் நேரா கிளட்ச்சுல போய்த்தான் நிக்கும். அப்புறம் ஒண்ணு ரெண்டு இல்லை, வரிசையாப் போகும். சீசன் முடியட்டும், மூணே மாசம். அதுக்கப்புறம் ஏதாவது பண்ணுவோம்.”

“தூரம் தெரியலைப்பா எனக்கு.”

“பதினெட்டு வருஷமா பார்த்த இடம். கண்ணக் கட்டிவிட்டாலும் நீங்க சரியாத்தான் காட்டுவீங்க.”

மனுஷனுக்கு இப்படியொரு வார்த்தை போதும். வேண்டாம் என்று சொல்லப்போனவர், வேண்டும் என்று சொல்ல வைத்துக்கொண்டு திரும்பினார். வீட்டில் மனைவி ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவள் சோற்று டப்பாவையும் சொட்டு மருந்தையும் ஒரே துணியில் மடித்துக் கொடுத்தாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

வெயில் நாட்களில் அவருக்குச் சமாளிக்க ஒரு உபாயம் இருந்தது. சக்கரத்தைப் பார்க்காமல் சக்கரத்தின் நிழலைப் பார்ப்பார். நிழல் விரிசலைக் கடந்து இரண்டு விரற்கடை வந்ததும் கையை இறக்கினால் கணக்கு சரியாக இருந்தது. மேகமூட்டமான நாட்களில் நிழல் இல்லை. அப்போது இஞ்சின் சத்தத்தை வைத்து ஒரு குத்துமதிப்பாக இறக்குவார். கை கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கியது. அது அவருக்கும் தெரியும், ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும். ஓட்டுகிறவர்கள் வாய் திறக்கவில்லை. பெரிய மனுஷரிடம் போய் உங்கள் கை தாமதம் என்று எப்படிச் சொல்வது? வானம் தெரிந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணி, தாங்களாகவே திருப்பிக்கொண்டார்கள். வேலை நடந்தது. காலையில் வழக்கம்போல, “கை ஏறியாச்சா?” என்று கேட்டும் கொண்டார்கள்.

கை உயர்ந்தே இருக்கும்போது வண்டி திரும்பிப் போவதை அவர் பாறைமேல் நின்று பார்த்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்தார். அவர்கள் திருப்பியது சரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் எரிந்தது. கல்யாண வீட்டில் பரிமாறிக்கொண்டே வந்தவன் நம் இலையை மட்டும் தாண்டிப் போனால் எரியுமே, அந்த எரிச்சல்.

ஆமையிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தார். ஏனென்றால் அவர் பார்த்தவரை அவன் ஒருவன்தான் இன்னமும் கையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மனைவிக்குப் புரிந்துவிட்டது; கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“மாப்ளே.”

“சொல்லுங்க மாமா.”

அவ்வளவு தூரம் வந்த வார்த்தை நாக்கு நுனியில் திரும்பிக்கொண்டது. அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஸ்டாண்டுல எவனுக்கும் இப்பல்லாம் மரியாதை இல்லை, பார்த்தீங்களா? நான் கை இறக்கறதுக்கு முன்னாடியே திருப்பறானுங்க. அப்ப நான் எதுக்கு அங்க மரம் மாதிரி நிக்கணும்? பதினெட்டு வருஷமா நின்னதுக்கு இதுதான் மரியாதை!”

மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். ஆமை சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

“விடுங்க மாமா. அவனுங்களுக்கு எப்பவும் அவசரம். நான் அப்படிப் பண்ண மாட்டேன்” என்றான்.

மகள் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இப்போதெல்லாம் அவருடைய டம்ளரில் அவள்தான் ஊற்றினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

இது நடந்து ஒன்பது நாள் நல்ல வெயில், நிழல் இருந்தது. பத்தாம் நாள் காலையிலிருந்தே மேகம் மலையைவிட்டு நகரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஆமை மூன்றாவது நடை ஏறினான். மேலே போன கூட்டத்தைக் கீழே இறக்க வேண்டும். போகும்போது வண்டியில் ஆள் இல்லை, மேல் கடைக்குத் தண்ணீர் கேன்கள் மட்டும் பின்னால் அடுக்கியிருந்தன. அவனுக்குப் பின்னால் இன்னொரு ஜீப் கொஞ்சம் இடைவெளி விட்டு ஏறிக்கொண்டிருந்தது.

சின்ன கியரின் இரைச்சலை வைத்தே கைகாட்டிக்கு மாப்பிள்ளை வண்டி என்று தெரிந்துவிட்டது. கையை உயர்த்தினார். பானெட் மேலே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆமையின் முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் இல்லை. இடது கண்ணை இடுக்கிக்கொண்டு சக்கரத்தைத் தேடினார். சக்கரம் விரிசலுக்கு ஒரு கஜம் இந்தப் பக்கம் இருப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்தது. சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சக்கரம் விரிசலைத் தாண்டிவிட்டிருந்தது. வண்டி ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல், நேராக வந்தது. ஆமை ஸ்டீயரிங்கை ஒடிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மாமனாரின் கை இறங்குவதற்காகக் காத்திருந்தான். முன்சக்கரம் இரண்டும் காற்றில் சுற்றியபோதுதான் அவருக்குப் புரிந்தது. கையை இறக்கினார். அப்போது அவன் திருப்பினான். திருப்புவதற்குக் கீழே தரை இல்லை.

தண்ணீர் கேன்கள் உடைகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு வர மறுநாள் காலை வரை ஆனது. அதற்கு அப்புறம் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அழுதார்கள். மகள் அதிகம் அழவில்லை. ஜீப்காரர்கள் பதின்மூன்று பேரும் வந்து நின்றார்கள். கைகாட்டி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, “என் கைதான்யா, நான்தான் லேட்டா இறக்கினேன்” என்றார். “அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே, விதி” என்று ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். விதியின்மேல் போட்டுவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

பன்னிரண்டாம் நாள் விபத்தை விசாரித்த அலுவலகத்திலிருந்து அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. மகள்தான் படித்தாள். ‘மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று’ என்று இருந்தது. அவள் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு காகிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா பழக்கதோஷத்தில் அதை நாலாக மடித்தாள்.

ஆமை அதிவேகமாக ஓட்டினானாம். கைகாட்டியால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். மர பெஞ்சில் பதினொரு மணி வரை உட்காரவைத்தார்கள். அதிகாரி நடுத்தர வயசுக்காரர். மேஜையில் ஒரு கட்டு அச்சடித்த படிவம் இருந்தது. நல்ல மனுஷராகத்தான் பேசினார். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஐயா, அவர் வேகமா வரலைங்க. அவருக்கு ஸ்டாண்டுல பேரே ஆமைங்க. ஊரைக் கேளுங்க.”

“பின்னாடி வந்த டிரைவர் வாக்குமூலம் இருக்கு, பெரியவரே. வண்டி திரும்பவே இல்லை, நேராப் போச்சுங்கறாரு. நாங்களும் போய்ப் பார்த்தோம். பிரேக் அடிச்ச தடமே இல்லை. திருப்பவும் இல்லை, பிரேக்கும் அடிக்கலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்?”

“என் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தாருன்னு அர்த்தம். நான் லேட்டா இறக்கினேன். எனக்கு வலது கண்ணு தெரியாதுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு வெச்சிருக்கேன். என்னைத்தான் நீங்க எழுதணும்.”

அதிகாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கூட எடுத்தார்.

“நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“கைகாட்டி.”

“யார்கிட்ட வேலை?”

“யார்கிட்டயும் இல்லைங்க. அங்க நிப்பேன்.”

பேனா மறுபடி மேஜைக்குப் போனது. “பெரியவரே, அந்தப் பாதையே எங்க பதிவுல வண்டிப் பாதை கிடையாது. நடைபாதைன்னுதான் இருக்கு. அதுல வண்டி போனதே தப்பு. இல்லாத பாதையில இல்லாத வேலை பார்த்தேன்னு நீங்க சொல்றதை நான் எங்க எழுதறது? இந்த வரி எல்லாப் படிவத்துலயும் அச்சடிச்சே வருது. யாரையும் குறிச்சுச் சொல்றதில்லை. துக்கத்துல இருக்கீங்க, வீட்டுக்குப் போங்க.”

திரும்பும் வழியில் ஸ்டாண்டைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் ஓடிவந்து, சங்கடத்தோடு கையைப் பிசைந்துகொண்டு, மேலே ஒரு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். பழைய தார் டிரம் ஒன்றுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, அவர் நிற்கும் பாறைமேல் கட்டிவிட்டார்கள். ஏறும்போது டிரம்மைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். பக்கக் கண்ணாடியின் கம்பிக்குப் பின்னால் டிரம் மறைகிற இடத்தில் திருப்ப வேண்டும். ரெண்டே நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

“ஒருத்தனுக்கும் பிசகலைண்ணே. நீங்க இனிமே அலைய வேண்டாம்.”

ஒரு தார் டிரம். அரை டப்பா பெயிண்ட். கைகாட்டி சரி சரி என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த டிரம் அன்றே மேலே போயிருக்கும். இதைத் தலைவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் கணவனின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்குத் துவைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

“எழுதிக்கிட்டாங்களாப்பா?”

“இல்லைம்மா.”

அவள் கிளிப்பைப் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

“அவர் மேல எந்தத் தப்பும் இல்லைம்மா. எனக்கு ஒரு கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. தூரம் தெரியாது. உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

“தெரியும்பா.”

கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க தண்ணி ஊத்தறதைப் பார்த்தே அவர் கண்டுபிடிச்சுட்டாரு. ரெண்டு மாசம் இருக்கும். அவரும் மத்தவங்களை மாதிரி மூணு எண்ணித் திருப்பிக்கிட்டுத்தான் இருந்தாரு. கையையே பார்க்கற மாதிரி பார்த்துக்கிட்டு, நீங்க இறக்கறதுக்கு ஒரு நூல் முன்னாடி. உங்களுக்குத் தெரியாது.”

“அப்ப அன்னிக்கு மட்டும் ஏம்மா...”

“அன்னிக்கு மட்டும் இல்லை. நீங்க சாப்பிடறப்ப சொன்னீங்க இல்ல, எவனுக்கும் மரியாதை இல்லைன்னு? அதுக்கு அடுத்த நாள்லேருந்து. நான் சண்டை போட்டேன்பா. ‘அந்த மனுஷனுக்குன்னு இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான், நானும் முன்னாடி திருப்பினா அவர் மனசு விட்டுடும்’னாரு. மெதுவா ஏறினா ஒண்ணும் ஆகாதுன்னாரு. பதறாத காரியம் சிதறாதுன்னாரு.”

அவள் குரல் உயரவே இல்லை. ஈரச் சட்டையை உதறினாள்; தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது.

“நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார்.

அவள் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நீங்க ஏம்பா சொல்லலை?”

வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மலைப் பாதையில் எவனோ சின்ன கியருக்கு மாற்றி ஏற ஆரம்பித்தான். மனைவி சொட்டு மருந்துப் புட்டியோடு வாசலுக்கு வந்து, நேரமாகிவிட்டது என்றாள். அவர் தலையை நிமிர்த்திக் கொடுத்தார்.